விலை ஏறியதற்குச் சந்தை ஆதிக்கம்தான் காரணமா? அப்படியானால் சட்டம் ஏன் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை?

கேள்வி – பதிந்தவர்: கணக்குப்பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் விலைவாசி கிடுகிடுவென ஏறியபோது இரண்டு தரப்பினர் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். மூலப்பொருள், சரக்குக் கப்பல் கட்டணம், எரிசக்தி ஆகியவற்றின் விலை ஏறியதால் மற்ற எல்லாம் ஏறின என்றது ஒரு தரப்பு. ஒவ்வொரு துறையிலும் மூன்று நான்கு பெருநிறுவனங்களே மிஞ்சியிருப்பதால், செலவு ஏறியதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவை தேவைக்கு மேல் விலையை ஏற்றி இலாபத்தைப் பெருக்கிக்கொண்டன என்றது மற்றொரு தரப்பு. இரண்டாவது வாதம் கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்த நிறுவனங்கள் 2019இலும் ஏறக்குறைய இதே அளவு பெரியவையாகத்தானே இருந்தன? அப்போது ஏற்றாத விலையை இப்போது ஏன் ஏற்றின? பேராசை திடீரென்று 2021இல் பிறந்திருக்க முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் அமெரிக்காவில் 1890இலேயே வந்துவிட்டது. ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 1911இல் 34 துண்டுகளாக உடைத்த சட்டம் அது. அவ்வளவு வலிய ஆயுதம் கையில் இருக்கும்போது, "உன் விலை அதிகம், குறைத்துக்கொள்" என்று ஒரு நிறுவனத்துக்கு நேரடியாக ஆணையிட என்ன தடை?

நான் வணிகவியல் படித்தவன். பொருளியலில் பட்டப்படிப்பு அளவுக்குத்தான் பழக்கம் என்றாலும் கணக்குப் போட்டு விளக்கினால் பின்தொடர முடியும்.

மறுமொழி 1 – தராசுமுள்

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு, நீங்கள் எழுப்பியிருக்கும் ஐயத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஒரு விலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும், அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். சந்தை ஆதிக்கம் முதல் கேள்விக்கு நல்ல விடை. இரண்டாவது கேள்விக்கு அரைகுறை விடை. பொதுவெளியில் நடந்த சண்டையில் பெரும்பகுதி இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தது என்பது என் எண்ணம்.

கணக்கு கேட்டீர்கள். 1838இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ போட்ட கணக்கே இதற்குப் போதும். ஒரு பொருளின் விலை 100 என்றால் வாங்க ஆளில்லை என்றும், விலையில் ஒவ்வொன்று குறையும்போதும் ஒரு அலகு கூடுதலாக விற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அலகு செய்ய ஆகும் செலவு 20. கடும்போட்டி இருந்தால் விலை 20ஐ ஒட்டி நிற்கும், 80 அலகுகள் விற்கும். விற்பவர் ஒரே ஒருவர் என்றால் அவருக்கு மிக அதிக இலாபம் தரும் விலை 60. விற்பது 40 அலகுகள்தாம். இரண்டு பேர் தனித்தனியே முடிவெடுத்துப் போட்டியிட்டால் விலை 46.67 ஆகிறது. மூன்று பேருக்கு 40, நான்கு பேருக்கு 36, ஒன்பது பேருக்கு 28. ஆள் கூடக் கூட விலை இறங்குகிறது. ஆனால் ஒரே சீராக இறங்கவில்லை. ஒருவர் இருவராவதில் 13 புள்ளிக்கு மேல் குறைகிறது; மூவர் நால்வராவதில் 4 மட்டுமே. போட்டி ஆணையங்கள் பத்துப் பேர் ஒன்பதாவதைப் பற்றிக் கவலைப்படாமல், மூவர் இருவராவதைக் கண்டதும் பதறுவதன் காரணம் இந்த வரிசையிலேயே தெரிகிறது.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். ஏகபோக விலையான 60ஐக் கொடுத்தவர்கள் மட்டும் இழந்தவர்கள் அல்லர். 20க்கும் 60க்கும் இடையே ஒரு விலைக்கு வாங்க அணியமாக இருந்து, கடைசியில் வாங்காமலே போன 40 அலகுகளுக்கு உரியவர்களும் இழந்தவர்களே. அவர்களுடைய இழப்பு எந்த நிறுவனத்தின் இலாபக் கணக்கிலும் ஏறாது. இலாபத்தை மட்டும் பார்த்து ஆதிக்கத்தின் தீங்கை அளப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது செலவு 20இலிருந்து 30 ஆகிறது என்று கொள்வோம். போட்டிச் சந்தையில் விலை முழுதாகப் பத்து ஏறும். நால்வர் இருந்தால் 36 என்பது 44 ஆகும், அதாவது எட்டு ஏறும். ஏகபோகியோ 60ஐ 65 ஆக்குவார், ஐந்துதான் ஏற்றுவார்! ஏனென்றால் அவர் ஏற்கெனவே வாங்குபவரின் பொறுமையின் எல்லைக்கருகில் நிற்கிறார்; அதற்கு மேல் ஏற்றினால் விற்பனை சரியும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மொத்த இலாபமும் 1600இலிருந்து 1225 ஆகக் குறைகிறது. எனவே "செலவு ஏறியது, ஏகபோகிகள் அதற்கும் மேலே ஏற்றி இலாபம் பார்த்தார்கள்" என்னும் கதை இந்தக் கணக்கில் தேறவில்லை. தேவைக்கோடு (எந்த விலைக்கு எவ்வளவு விற்கும் என்று காட்டும் கோடு) நேர்க்கோடாக இருப்பதால் வரும் விளைவு இது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விலை என்னவானாலும் தேவையின் நெகிழ்ச்சி 2ஆகவே இருக்கும் (விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை ஏறக்குறைய இரண்டு விழுக்காடு குறையும்) வளைகோட்டை எடுத்தால் ஏகபோகி எப்போதும் செலவைப் போல் இரு மடங்கு விலை வைப்பார்; செலவு 10 ஏறினால் அவர் 20 ஏற்றுவார். எந்தக் கோடு உண்மையோடு பொருந்தும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

தேவை பெருகும்போது கதையே வேறு. மக்கள் கையில் பணம் கூடி, முன்பு 100 வரை கொடுக்க இருந்தவர் 120 வரை கொடுக்க முன்வருகிறார் என்று வையுங்கள். செலவு மாறாத போட்டிச் சந்தையில் விலை 20இலேயே நிற்கும், விற்பனை மட்டும் பெருகும். நால்வர் சந்தையில் 4 ஏறும். ஏகபோகி 60ஐ 70 ஆக்குவார். 2021இல் பல நாடுகளில் நடந்தது செலவேற்றம் மட்டுமன்று. பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் கொடுத்த பணமும், அடைபட்டிருந்த ஆசையும் ஒருசேரச் சந்தைக்கு வந்தன. எனவே சாதனை இலாபங்களை விளக்க வேண்டுமானால் பேராசையைத் தேடுவதைவிடத் தேவைப் பெருக்கத்தில் தொடங்குவது மேல். (ஆலைகள் முழுவீச்சில் ஓடி, இனி ஓர் அலகுகூடக் கூடுதலாகச் செய்ய முடியாது என்ற நிலையில் போட்டிச் சந்தையிலும் விலை ஏறத்தான் செய்யும். அந்த ஆண்டுகளில் அதுவும் நடந்தது.)

நீண்டகால உயரத்தைப் பற்றி ஒரு சொல். டி லோக்கர், எக்ஹவுட், உங்கர் ஆகிய மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நிறுவனங்கள் இறுதிநிலைச் செலவுக்கு (இன்னும் ஓர் அலகு செய்ய ஆகும் செலவுக்கு) மேல் வைக்கும் கூடுதல் சராசரியாக 1980இல் 21 விழுக்காடாக இருந்தது, 2016இல் 61 ஆகிவிட்டது என்று கணித்தார்கள். விளம்பரம், நிர்வாகம் போன்ற செலவுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை மாற்றினால் இந்த ஏற்றம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்று மறுத்தவர்களும் உண்டு. இரு தரப்பில் யார் சரி என்றாலும், 36 ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்த ஒன்று, இரண்டே ஆண்டுகளில் நடந்த பாய்ச்சலுக்கு நேர்க்காரணமாக முடியாது.

மறுமொழி 2 – வழிப்போக்கன்

தராசுமுள் அவர்களின் கணக்கில் பிழையில்லை. அந்தக் கணக்கு எடுத்துக்கொண்ட அடிப்படைதான் எனக்கு இடிக்கிறது. அவருடைய சந்தையில் ஒவ்வொருவரும் தமக்கு உச்ச இலாபம் தரும் விலை எது என்று துல்லியமாக அறிந்து, அதிலேயே எப்போதும் நிற்கிறார்கள். நடைமுறையில் நான்கு பேர் மட்டும் உள்ள துறையில் விலையைப் பிடித்து நிறுத்துவது அச்சம்: "நான் ஏற்றி, மற்ற மூவரும் ஏற்றாமல் விட்டால் என் வாடிக்கையாளர்கள் அவர்களிடம் போய்விடுவார்களே!" ஆதிக்கம் இருக்கிறது, ஆனால் அது முழுதாகப் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்படி ஒரு செலவேற்றம் வந்தால் அந்த அச்சம் நீங்கிவிடும். மற்றவரும் ஏற்றுவார் என்பது சொல்லாமலே விளங்கும். யாரும் யாரையும் சந்திக்க வேண்டியதில்லை, தொலைபேசியில்கூடப் பேச வேண்டியதில்லை. இசபெல்லா வெபரும் இவான் வாஸ்னரும் 2023இல் "விற்பனையாளர் பணவீக்கம்" என்று பெயரிட்டு முன்வைத்த வாதத்தின் மையம் இதுதான். 2019இல் ஏன் ஏற்றவில்லை என்ற உங்கள் கேள்விக்கு இதிலிருந்து கிடைக்கும் விடை: ஆசை அப்போதும் இருந்தது, சமிக்ஞைதான் இல்லை.

ஏறிய விலை இறங்கும்போதும் இதே கூத்துதான். போரன்ஸ்டீனும் உடன் ஆய்ந்த இருவரும் 1997இல், கச்சா எண்ணெய் விலை ஏறும்போது பெட்ரோல் விலை விரைந்து ஏறுவதையும், கச்சா இறங்கும்போது பெட்ரோல் ஆடி அசைந்து இறங்குவதையும் காட்டினார்கள். ஏறும்போது ஏவுகணை, இறங்கும்போது இறகு என்று பொருளியலாளர்கள் இதைச் சொல்வது வழக்கம். எனவே வேகத்தில் ஆதிக்கத்துக்குப் பங்கே இல்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. குறைந்தபட்சம் இறங்கும் வேகத்தில் அதற்குப் பங்கு உண்டு.

மறுமொழி 3 – தராசுமுள்

இறகு பற்றிய கூற்றை ஏற்கிறேன். நான் "அரைகுறை விடை" என்று எழுதியதை "ஏறுவதற்கு அரைகுறை, இறங்காமல் இருப்பதற்கு ஓரளவு நல்ல விடை" என்று திருத்திக்கொள்கிறேன். வாடிக்கையாளர்கள் கடை கடையாக விலை ஒப்பிட அலுத்துப்போவதாலும் அப்படி மெல்ல இறங்கலாம் என்பதால், இறகைக் கண்ட இடமெல்லாம் கூட்டுச்சதி என்று எண்ணிவிட வேண்டாம்.

மறுமொழி 4 – துணைவிதி

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்தின்படி அதிக விலை வைப்பது குற்றமன்று. உச்ச நீதிமன்றம் 2004இல் டிரிங்கோ வழக்கில் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது: நேர்வழியில் ஏகபோகத்தை அடைந்த ஒருவர் ஏகபோக விலை வைப்பது சட்டத்துக்கு உட்பட்டது, அந்த விலையைப் பிடிக்கலாம் என்ற ஆசைதான் புதியவர்களைத் தொழிலில் இறங்கி உழைக்கத் தூண்டுகிறது. சட்டம் தண்டிப்பது அந்த உயரத்துக்குப் போன வழியை. போட்டியாளரோடு கைகோத்து விலை வைத்தாரா, போட்டியாளரை நுழையவிடாமல் கதவை அடைத்தாரா, போட்டியாளரையே விலைக்கு வாங்கிவிட்டாரா என்ற மூன்றுதான் அது கேட்கும் கேள்விகள். விலை என்பது காய்ச்சலைப் போன்றது; அதை அளந்து நோயை ஊகிக்கலாம், ஆனால் வெப்பமானியை உடைத்து நோயைத் தீர்க்க முடியாது என்று என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்வார்.

ஐரோப்பா சற்று மாறுபட்டது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 102ஆம் பிரிவு, ஆதிக்கம் பெற்ற நிறுவனம் நியாயமற்ற விலை வைப்பதையே தடை செய்கிறது. ஆனால் எது நியாயமற்றது என்று தீர்மானிப்பது பெரும்பாடு. 1978இல் யுனைடெட் பிராண்ட்ஸ் வழக்கில், வாழைப்பழ விலை மிகையானது என்று ஐரோப்பிய ஆணையம் கண்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. செலவு என்னவென்று ஆணையம் முதலில் கணக்குக் காட்டியிருக்க வேண்டும் என்றது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தப் பிரிவு அரிதாகவே வெளியே எடுக்கப்பட்டது. மருந்துத் துறையில்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. காப்புரிமை முடிந்த ஆறு புற்றுநோய் மருந்துகளின் விலையைச் சராசரியாக ஏறக்குறைய 73 விழுக்காடு குறைக்க ஆஸ்பென் என்ற நிறுவனம் 2021இல் ஆணையத்திடம் உறுதியளித்தது. அங்கே மாற்று மருந்து இல்லை, நோயாளிக்குக் காத்திருக்க நேரமில்லை, புதிய நிறுவனம் நுழைந்து விலையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. இந்த மூன்றும் கூடிவராத இடத்தில் நீதிமன்றமே விலை நிர்ணயிக்கத் தொடங்கினால், அது ஒவ்வொரு மாதமும் செலவுக் கணக்கைப் பார்த்து விலையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மின்சாரக் கட்டண ஆணையம் செய்யும் வேலை அது, நீதிபதி செய்யும் வேலை அன்று.

சட்டத்தின் பல் கூர்மையாக இறங்குவது கூட்டுச்சதியில். கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை உலகுக்கு விற்ற அமெரிக்க, ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் ஐந்தின் விலைப்பேச்சு 1992இல் மெக்சிகோ நகரில் தொடங்கியது. யார் எத்தனை டன் விற்பது என்று பங்கு பிரித்தார்கள், மாதாமாதம் விற்பனைக் கணக்கைத் தமக்குள் ஒப்புவித்தார்கள். சந்திப்புகளுக்கு மறைப்பாக ஓர் உற்பத்தியாளர் சங்கத்தையே பெயரளவில் உருவாக்கினார்கள். ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்டு நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குத் தகவலாளியாகி, ஓட்டல் அறைப் பேச்சுகளைப் பதிவு செய்ய உதவினார். போட்டியாளர்கள் நம் நண்பர்கள், வாடிக்கையாளர்கள் நம் எதிரிகள் என்பது எங்கள் நிறுவனத்தில் வழங்கும் சொல் என்று அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் சொன்னது அந்த நாடாவில் இருக்கிறது. 1996இல் அந்நிறுவனம், சிட்ரிக் அமில வழக்கையும் சேர்த்து, 10 கோடி டாலர் தண்டம் கட்டியது. கூட்டுச்சதிக்கு அதுவரை விதிக்கப்பட்ட தண்டங்களில் அதுவே பெரியது. மூன்றே ஆண்டுகளில், வைட்டமின் கூட்டணி வழக்கில் ஹாஃப்மன்-லா ரோஷ் கட்டியது 50 கோடி டாலர்.

அப்படியொரு தகவலாளி எல்லா வழக்கிலும் கிடைக்கமாட்டார் என்பதால்தான் மன்னிப்புத் திட்டம் என்ற பொறியை வைத்தார்கள். கூட்டணியிலிருந்து முதலில் ஓடிவந்து உண்மையைச் சொல்பவருக்கு முழு மன்னிப்பு. இரண்டாவதாக வருபவருக்கு அது இல்லை. அமெரிக்கா 1993இல் இதைச் செப்பனிட்டது, ஐரோப்பா 1996இல் தொடங்கியது. 2016இல் ஐரோப்பிய ஆணையம் லாரி உற்பத்தியாளர்களுக்கு ஏறக்குறைய 293 கோடி யூரோ தண்டம் விதித்தபோது, காட்டிக்கொடுத்த மான் (MAN) நிறுவனம் ஏறத்தாழ 120 கோடி யூரோவிலிருந்து தப்பியது. அந்த வழக்கில் உங்கள் முதல் கேள்விக்கும் ஒரு செய்தி உண்டு. அந்நிறுவனங்கள் 1997 முதல் 2011 வரை பட்டியல் விலைகளைத் தமக்குள் ஒருங்கிணைத்ததோடு, புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் ஏறிய செலவை எப்போது, எவ்வளவு வாங்குபவர் தலையில் கட்டுவது என்றும் சேர்ந்தே முடிவு செய்தன. செலவேற்றம் உண்மையானது. அதைத் தனித்தனியே சமாளிக்க வேண்டிய கட்டாயத்தைத்தான் அவர்கள் நீக்கிக்கொண்டார்கள்.

இடைவெளி எங்கே என்றால், வழிப்போக்கன் சொன்ன மௌன உடன்பாட்டில். போட்டியாளர் விலையைப் பார்த்து நானும் ஏற்றினேன் என்பது சட்டப்படி உடன்பாடு ஆகாது. இதன் விளிம்பை உரசிய வழக்கு அமெரிக்க விமான நிறுவனங்களுடையது. கட்டணங்களை வெளியிடும் பொதுக் கணினியில், பின்னொரு நாளில் நடைமுறைக்கு வரப்போகும் கட்டணத்தை முன்கூட்டியே ஏற்றி, மற்றவர் பின்தொடர்ந்தால் வைத்துக்கொள்வதும் இல்லையேல் சத்தமின்றி எடுத்துவிடுவதுமாக அவை கண்ஜாடையிலேயே பேரம் பேசின என்பது அரசின் குற்றச்சாட்டு. 1994இல் சமரச ஆணையோடு அது முடிந்தது. இன்று அந்த வேலையை மென்பொருள் செய்கிறது என்கிறார்கள். வீட்டு வாடகையைப் பரிந்துரைக்கும் ரியல்பேஜ் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித் துறை 2024 ஆகஸ்டில் தொடுத்த வழக்கின் சாரம், போட்டியாளர்கள் பலர் தம் உள்விவரங்களை ஒரே மென்பொருளுக்குக் கொடுத்து அது சொன்ன வாடகையை வைத்தார்கள் என்பதே.

கூடுதல் விலை கொடுத்தவருக்குப் பணம் திரும்புமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவில் இழப்பின் மூன்று மடங்கை வழக்காடிப் பெறலாம். ஆனால் 1977இல் வந்த இல்லினாய் பிரிக் தீர்ப்பின்படி, கூட்டமைப்புச் சட்டத்தின்கீழ் அந்த உரிமை சதியாளரிடம் நேரடியாக வாங்கியவருக்கு மட்டுமே. இடைத்தரகர் வாங்கி, தம் பங்குக்கு விலையை ஏற்றி உங்களுக்கு விற்றிருந்தால், இழந்தது நீங்கள், மூன்று மடங்கு வாங்குவது அவர். பல மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றி இதைச் சரிசெய்திருக்கின்றன. ஆனாலும் எனக்கு இது ஆறாத குறைதான்.

மறுமொழி 5 – கொள்முதல் மேசை

சட்டம் தெரிந்தவர்கள் நடுவில் என் அனுபவத்தைச் சொல்லிப் போகிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். ஒருமுறை குழாய் இணைப்பு வேலைக்கு மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வந்தன. மூடி முத்திரையிட்ட உறைகள், வெவ்வேறு முகவரிகள், வெவ்வேறு தாள்தலைப்புகள். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது, இரண்டாவது நிறுவனத்தின் கூட்டுத்தொகையில் ஒரு பிழை இருந்தது: பதினோராவது வரியின் தொகை இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. மூன்றாவது நிறுவனத்தின் தாளை எடுத்தேன். அதே பதினோராவது வரி, அதே பிழை. தொகைகள் மட்டும் ஒன்றைவிட ஒன்று சரியாக ஆறு விழுக்காடு கூடுதல். இரண்டு தாள்களும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? மேலதிகாரியிடம் காட்டினேன். "குறைந்த விலை சொன்னவருக்குத்தானே கொடுக்கப்போகிறோம், மற்ற இரண்டில் என்ன இருந்தால் நமக்கென்ன?" என்றார். முதல் நிறுவனத்துக்கே வேலை போனது. பணியிடத்துக்குப் போய்ப் பார்த்தால், அந்த இரண்டு நிறுவனங்களின் ஆள்களும் துணை ஒப்பந்தக்காரர்களாக அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

மேலதிகாரி கேட்டது தவறான கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. தோற்பதற்கென்றே வந்த இரண்டு தாள்களும், வென்ற விலையை மலிவாகக் காட்டுவதற்காக வந்தவை. உண்மையான போட்டி இருந்திருந்தால் அந்த வெற்றி விலை எங்கே நின்றிருக்கும் என்பதை அந்த மூன்று உறைகளில் எதுவும் சொல்லாது.

அமெரிக்காவில் மின்கருவி உற்பத்தியாளர்கள் 1950களில் இதையே பெரிய அளவில் செய்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். இம்முறை எந்த நிறுவனம் மிகக் குறைந்த விலை கேட்பது என்பதை நிலவின் பிறைக் கணக்கை வைத்துச் சுழற்சி முறையில் தீர்மானித்தார்களாம். 1961இல் அதிகாரிகள் ஏழு பேர் சிறைக்குப் போனார்கள். முப்பது நாள்தான் தண்டனை என்றாலும், கோட்டும் டையும் அணிந்தவர்கள் விலை பேசியதற்காகச் சிறை செல்வது அப்போது புதுமை.

மறுமொழி 6 – கணக்குப்பிள்ளை

அனைவருக்கும் மிக்க நன்றி. கொள்முதல் மேசை அவர்கள் சொன்ன பதினோராவது வரி நெடுநாள் நினைவிலிருக்கும்.

துணைவிதி அவர்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், வாய்பேசிச் செய்த சதியைப் பிடிக்கலாம், மௌன உடன்பாட்டைப் பிடிப்பது அரிது, நேர்வழியில் வந்த உயர்விலையைத் தொடவே முடியாது. அப்படியானால் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதற்கு முன்பே தடுப்பதுதானே மிஞ்சியிருக்கும் வழி? இணைந்த பின் விலை உண்மையிலேயே ஏறியதற்குச் சான்று உண்டா? செலவு மிச்சமாகும், அதனால் விலை குறையும் என்றுதானே இணைப்பு கேட்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்?

மறுமொழி 7 – தராசுமுள்

சான்று உண்டு, ஆனால் ஒரே திசையில் இல்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

2008இல் அமெரிக்க பீர்ச் சந்தையில் இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருந்த மில்லரும் கூர்ஸும் தம் அமெரிக்கத் தொழிலை ஒன்றாக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. கூர்ஸ் பெரும்பாலும் கொலராடோவிலேயே வடிக்கப்பட்டு நாடெங்கும் லாரியில் போய்க்கொண்டிருந்தது. மில்லருக்கோ பல இடங்களில் ஆலைகள் இருந்தன. போக்குவரத்துச் செலவு மிச்சமாகும் என்ற வாதம் வெறும் பேச்சாக இல்லை. மிச்சம் உண்மையிலேயே ஆனது. ஆனால் மில்லர், வைன்பர்க் என்ற இரு பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இணைந்த நிறுவனத்தின் விலை ஆறு முதல் எட்டு விழுக்காடு ஏறியது. அதைவிட முக்கியமாக, இணைப்பில் பங்கே இல்லாத முதலிடப் போட்டியாளரின் விலையும் சேர்ந்தே ஏறியது. இணைப்பால் அவருக்கு எந்தச் செலவும் கூடவில்லை. வழிப்போக்கன் சொன்ன அச்சம் மூவரிடையே இருந்தது, இருவரிடையே கரைந்துவிட்டது என்றுதான் அந்த ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். மௌன உடன்பாட்டைப் பின்னால் பிடிக்க முடியாது என்பதால் இணைப்பின் வாசலிலேயே அதை நிறுத்த வேண்டும் என்ற உங்கள் ஊகத்துக்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

மற்றொன்று தடுக்கப்பட்ட இணைப்பு. அலுவலகப் பொருள் விற்கும் ஸ்டேபிள்ஸும் ஆபீஸ் டிப்போவும் இணைய முயன்றபோது, 1997இல் நீதிமன்றம் தடைவிதித்தது. வழக்கைத் தீர்த்தவை கோட்பாடுகள் அல்ல, அந்த நிறுவனங்களின் சொந்த விலைத் தரவுகள்: இருவரும் எதிரெதிரே கடை வைத்திருந்த நகரங்களில் விலை குறைவு, ஒருவர் மட்டும் இருந்த நகரங்களில் அதிகம்.

அனுமதி கேட்டு வரும் இணைப்புகளைச் சலிக்க ஒரு சல்லடையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டும் ஹெர்ஃபின்டால் குறியீடு அது. ஆளுக்கு 25 விழுக்காடாக நால்வர் இருந்தால் 2500. அவர்களில் இருவர் இணைந்தால் 3750. அமெரிக்காவின் 2023 நெறிமுறைகளின்படி, இணைப்புக்குப் பின் குறியீடு 1800ஐத் தாண்டி, ஏற்றமும் 100ஐத் தாண்டினால் தீங்கு என்று முன்னூகம் கொள்ளப்படும். இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது இணைய விரும்புபவரின் பொறுப்பு. இதில் எனக்குள்ள மனக்குறை, எது ஒரே சந்தை என்று வரையறுப்பதில் வழக்கறிஞர்கள் விளையாடும் விளையாட்டு. எல்லையைச் சற்று அகலமாக வரைந்தால் 3750 என்பது சில நூறாகிவிடும்.

செலவு மிச்சம் பற்றிய உங்கள் கேள்விக்கு, முதலில் நான் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூவர் இருவராகிறார்கள், இணைந்தவரின் செலவு மட்டும் 20இலிருந்து குறைகிறது. விலை பழைய 40இலேயே நிற்க வேண்டுமானால் அது எவ்வளவு குறைய வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இருவர் சந்தையில் விலை என்பது 100ஐயும் இருவர் செலவையும் கூட்டி மூன்றால் வகுப்பது.

மறுமொழி 8 – கணக்குப்பிள்ளை

போட்டேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் போட்டேன். 40ஐ மூன்றால் பெருக்கினால் 120. அதில் 100 தேவைக்கோட்டுக்கு, 20 போட்டியாளரின் செலவுக்குப் போய்விடுகிறது. இணைந்தவரின் செலவுக்கு மிஞ்சுவது சுழியம். பொருளை அவர் செலவே இல்லாமல் செய்தால்தான் விலை ஏறாது என்றல்லவா வருகிறது? எங்கோ தவறு செய்துவிட்டேனா?

மறுமொழி 9 – தராசுமுள்

தவறில்லை. இந்த வகைச் சந்தையில் பொதுவிதியே அதுதான்: இணைப்புக்கு முன் ஓர் அலகில் எவ்வளவு இலாபம் இருந்ததோ, அவ்வளவும் செலவில் குறைய வேண்டும். முன்பு விலை 40, செலவு 20. எனவே 20 குறைய வேண்டும். நால்வர் மூவராகும் இணைப்புக்கும் போட்டுப் பாருங்கள். அங்கே முன்பிருந்த இலாபம் 16தான் என்பதால் செலவு 20இலிருந்து 4 ஆனால் போதும். கணினி வைத்திருந்தால் ஒன்பது பேர் எட்டாவது வரை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் வரும் விடை நடைமுறையில் ஓர் ஆலை மேலாளரால் சாதிக்கக்கூடியதாகத் தோன்றுகிறது என்று இங்கே எழுதுங்கள்.